பெயர் இல்லாத கல்லைத் தேடுவது

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் கருவறையைச் சுற்றி வருகிறவர்கள் சற்றுக் குனிந்து பார்த்தால், அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், பெரியபுராணக் கதைகள் சின்னஞ்சிறு காட்சிகளாக வரிசை கட்டி நிற்பதைக் காணலாம். நூலைச் சேக்கிழார் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். கோயிலை எழுப்பியவன் அவன் மகன், 1146 முதல் 1173 வரை ஆண்ட இரண்டாம் இராசராசன். ஏட்டில் இருந்தது கல்லில் ஏற ஒரு தலைமுறையே போதுமானதாக இருந்திருக்கிறது. பல காட்சிகளோடு இன்னார் கதை என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். வடபுறத் திருச்சுற்றில் நூற்றெட்டு சைவ ஆசாரியர்களின் உருவங்கள் பெயரோடு நிற்கின்றன. படங்களை அடுக்கி, பெயர் போட்டு, தேடுகிறவர் கண்டுபிடிக்கும்படி வைத்த ஒரு களஞ்சியம் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அதே சுவரில் பெயரே வெட்டாமல் விடப்பட்டவை எத்தனை? சாளரங்களின் கல்பின்னல், தூண்களில் ஓடும் கொடிக்கருக்கு, தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையின் வெட்டு, உளி பொளிந்துவிட்டுப் போன பரப்பு, மெருகேற்றிய பரப்பு ஆகிய எதற்கும் பெயர் இல்லை. கோயிலின் கல்பரப்பை அளந்தால் பெயர் பெற்ற பகுதியைவிடப் பெறாத பகுதிதான் பெரிது. அந்தப் பெயரற்ற பகுதியை எப்படித் தேடுவது என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. படக்களஞ்சியங்களை இழையமைப்பைக் கொண்டு, அதாவது பரப்பின் சொரசொரப்பையும் வரியையும் கொண்டு, தேடும் கணினிக் கலை அந்த வரலாற்றின் அண்மை அத்தியாயம். பெயரால் தேடும் முறைக்குப் போட்டியாக அதை நிறுத்திப் பேசுவதே இன்று வழக்கம். என் கணிப்பில் அதன் இடம் வேறு: பெயர் எட்டாத இடத்தில் மட்டுமே அதற்கு உண்மையான வேலை இருக்கிறது, அங்கே அதற்கு மாற்றும் இல்லை.

தென்னிந்தியக் கலை ஆய்வில் இந்த இரண்டு வழிகளும் ஒரே ஆண்டில் அச்சேறின. 1914இல் து. அ. கோபிநாத ராவின் இந்து உருவவியல் நூலின் முதல் தொகுதி சென்னையில் வெளியானது. ஆகமங்களையும் சிற்ப நூல்களையும் ஒப்பிட்டு, கை எத்தனை, கையில் என்ன, நிற்பதா இருப்பதா என்று பார்த்து ஒவ்வொரு திருவுருவத்துக்கும் பெயர் சொல்லும் நூல் அது. அதே 1914இல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ-துப்ராய் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய தம் பிரெஞ்சு நூலை வெளியிட்டார். அதன் இரண்டாம் தொகுதி உருவவியலுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் புதிய வெளிச்சம் தந்தது கட்டடக்கலை பற்றிய முதல் தொகுதி. அவர் தெய்வங்களை விட்டுவிட்டு, யாரும் நின்று பார்க்காத உறுப்புகளைப் பார்த்தார்: போதிகை, கூடு, கோட்டம், தூணின் கட்டு. பல்லவர் போதிகையில் அலையலையாகச் சுருள்வரி ஓடும். சோழர் போதிகை சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முனை துருத்தி நிற்கும். விசயநகர காலத்தில் அந்த முனை மொட்டாகத் தொங்கத் தொடங்கும். கல்வெட்டே இல்லாத கோயிலுக்கும் இந்த உறுப்புகளை வைத்துக் காலம் சொல்லலாம் என்று அவர் காட்டினார். இன்று கோயில் பார்க்கப் போகிற ஆர்வலர்கூட போதிகையைப் பார்த்து நூற்றாண்டு சொல்கிறார் என்றால், அந்தப் பழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. கதையும் பெயரும் சொல்லாததைக் கல்லின் வெட்டு சொல்லும் என்பது கணினி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தமிழ்நாட்டுக் கோயில்களில் நிறுவப்பட்ட உண்மை.

ஆனால் பின்னால் வந்த படக்களஞ்சியங்கள் கோபிநாத ராவ் வழியில்தான் அடுக்கப்பட்டன. அதற்கு நியாயமும் உண்டு. 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்தே ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படமெடுக்கும் பணி நடந்தது. இன்று அங்கே உள்ள படங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். 1965இல் காசியில் இந்தியவியலுக்கான அமெரிக்க நிறுவனம் தொடங்கிய கலை, தொல்லியல் மையம் இந்தியா முழுவதற்குமான இன்னொரு தொகுப்பைத் திரட்டியது. ஒரு படத்தை எடுத்து வைக்க வேண்டுமென்றால் அதன் அட்டையில் ஏதாவது எழுதியாக வேண்டும். ஊர், கோயில், சுவரின் திசை, தெய்வத்தின் பெயர் என்றே எழுதினார்கள். தாராசுரத்தைப் பற்றி 1987இல் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி வெளியிட்ட பெரிய ஆய்வு இந்த முறையின் உச்சம்: கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசனும், கட்டடத்தை ழாக் துமார்சேயும், உருவங்களைப் பிரான்சுவாஸ் லெர்னோவும் எடுத்துக்கொண்டு கல் கல்லாகப் பதிவு செய்தார்கள். அதைப் போல ஒரு நூல் எல்லாச் சோழர் கோயிலுக்கும் இருந்தால் நாம் புண்ணியம் செய்தவர்கள். ஆனாலும் இப்படி அடுக்கிய களஞ்சியத்தில் கஜசம்ஹாரரைக் கேட்டால் வரும், கண்ணப்பரைக் கேட்டால் வரும். இந்தச் சாளரத்தில் உள்ள பின்னலைப் போல இன்னொன்று காவிரிக்கரையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அட்டையைப் புரட்டிப் பயனில்லை. அட்டையில் 'சாளரம்' என்றுதான் இருக்கும், அதுவும் எழுதியவருக்குப் பொறுமை இருந்திருந்தால். படமெடுத்தபோது கருவிக்குள் விழுந்தது பரப்பு முழுவதும். அட்டையில் ஏறியது அதன் ஒரு சொல்.

சொல்லில் அடங்காத பரப்பை எண்ணால் பிடிக்கும் முயற்சி கலைவரலாற்றுக்காகப் பிறந்ததல்ல. 1962இல் பெல் ஆய்வகத்தில் பேலா யூலெஸ், கணினியால் புள்ளிப் பரப்புகளை உண்டாக்கி, எந்த இரண்டு பரப்பைக் கண் சட்டென்று பிரித்தறிகிறது, எதைப் பிரிக்கத் திணறுகிறது என்று சோதித்தார். 1966இல் பில் புரோடாட்ஸ் என்ற ஒளிப்படக்காரர் புல், மரப்பட்டை, செங்கல் சுவர், மணல், நெசவு, ஊர்வனவற்றின் தோல் என்று 112 பரப்புகளின் படங்களை ஓவியர்களுக்காக ஆல்பமாக வெளியிட்டார். ஓவியர்கள் அதை எவ்வளவு பயன்படுத்தினார்களோ, கணினி ஆய்வாளர்கள் அடுத்த நாற்பது ஆண்டுகள் அதை விடவே இல்லை. திருப்புமுனை 1973. அமெரிக்கக் கான்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஹாரலிக், சண்முகம், டின்ஸ்டீன் மூவரும் எழுதிய கட்டுரை, படத்தின் இழையமைப்பை அளக்கப் பதினான்கு எண்களைத் தந்தது. அடிப்படை எளிமையானது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சாம்பல் அளவு உண்டு. ஒரு குறிப்பிட்ட சாம்பலுக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பல் எத்தனை முறை வந்து உட்காருகிறது என்று கிடை, செங்குத்து, இரண்டு மூலைவாட்டம் ஆகிய நான்கு திசையிலும் எண்ணி அட்டவணை போட வேண்டும். தாராசுரத்தின் மெருகேற்றிய தூண் முகப்பில் ஒரு புள்ளியும் அடுத்த புள்ளியும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக இருக்கும். அட்டவணையின் மூலைவிட்டத்திலேயே எண்கள் குவியும். கல்பின்னல் சாளரத்தில் வெளிச்சமும் இருளும் மாறி மாறி வருவதால் எண்கள் மூலைவிட்டத்தை விட்டு விலகிப் பரவும். அந்தக் குவிதலையும் பரவலையும் ஒழுங்கையும் எண்ணாக்கினால் பரப்புக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. அவர்கள் சோதித்தது எதை என்பதைக் கவனிக்க வேண்டும்: நுண்ணோக்கியில் எடுத்த ஐந்து வகை மணற்கல், விமானத்திலிருந்து எடுத்த நிலப்படங்கள், கலிபோர்னியாவின் செயற்கைக்கோள் படங்கள். மணற்கல்லில் நூற்றுக்கு 89, மற்ற இரண்டில் 82ம் 83ம் சரியாக வந்தன. கல்லின் மணியும் வயலின் வரியும்! இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் வைக்க யாராலும் முடியாது. இந்தக் கலை தொடக்கத்திலேயே பெயரற்ற பொருள்மீதுதான் கைவைத்தது.  

அளப்பதிலிருந்து தேடுவதற்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1978இல் சப்பானில் தாமுராவும் தோழர்களும் மனிதர்களிடம் கேட்டுச் சோதித்து, கண்ணுக்குப் புலப்படும் ஆறு குணங்களை எடுத்தார்கள்: பருமை, முரண், திசை, கோட்டுத்தன்மை, ஒழுங்கு, சொரசொரப்பு. எண்கள் மனிதப் பார்வைக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற அக்கறை அங்கே தெரிகிறது. 1990களில் ஐபிஎம் நிறுவனம் நிறம், வடிவம், இழையமைப்பு மூன்றையும் கொண்டு படம் தேடும் அமைப்பைக் கட்டியது. ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் தன் ஓவியங்களைத் தேட அதைப் பயன்படுத்தியது. பெங்களூரில் படித்துக் கலிபோர்னியாவுக்குப் போன பி. எஸ். மஞ்சுநாத், தம் மாணவர் மாவுடன் சேர்ந்து 1996இல் எழுதிய கட்டுரைதான் இழையமைப்புத் தேடலுக்கு அளவுகோலாக நின்றது. படத்தை நான்கு அளவுகளிலும் ஆறு திசைகளிலும் வடிகட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் எடுத்து, 48 எண்களில் ஒரு பரப்பைச் சொன்னார்கள். புரோடாட்ஸ் வகைப் பரப்புகளை வெட்டிய 1,856 துண்டுகளில் ஒன்றைக் காட்டி அதன் உடன்பிறப்புகளைக் கேட்டால், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சரியாகத் திரும்பி வந்தது. அவர்களுடைய நோக்கம் கலிபோர்னிய விமானப் படங்களில் தோட்டம் எங்கே, வீட்டுத்தொகுதி எங்கே என்று தேடுவது. பின்னால் எம்பெக்-7 என்ற உலகத் தரத்தில் இழையமைப்புக்குத் தனி இடம் கிடைத்தது. இவ்வளவும் நடந்தபோது நம் கோயில் படங்கள் அட்டைப்பெட்டிகளில் பெயர் ஒட்டிக்கொண்டு உறங்கின. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. படங்களை முதலில் கணினிக்குள் ஏற்ற வேண்டியிருந்தது.

பெயர் எட்டாத இடத்தில் எண்ணால் தேடலாம் என்பதற்கு முதல் மறுப்பு கலை அறிஞர்களிடமிருந்து வரும். ழுவோ-துப்ராய் போதிகையைப் பார்த்துக் காலம் சொன்னார் என்றால் அது பயின்ற கண்ணின் வேலை. அந்தக் கண் இருக்கும்போது எண் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே கோயிலுக்குள் நிற்கும்வரை எண் தேவையே இல்லை. ஆனால் கண் ஒப்பிட வேண்டுமென்றால், ஒப்பிடவேண்டிய படம் முதலில் அதன் முன்னால் வந்தாக வேண்டும். அதற்கு யாராவது ஊர் பெயர் சொல்ல வேண்டும். பெயரை வேண்டுமென்றே அழித்துவிட்டவர்கள் எதிரே நிற்கும்போது என்ன செய்வது? அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விருத்தாசலத்தின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை இன்னொரு ஆஸ்திரேலியக் கூடத்தில் இருந்தது. விற்பனைத் தாள்களில் சோழர் காலம், தமிழ்நாடு என்பது இருக்கும். ஊர் இருக்காது, இருந்தால் விற்க முடியாது. புதுச்சேரி நிறுவனத்தின் பழைய படங்களோடு வைத்து ஒப்பிட்ட பிறகுதான் இரண்டும் எங்கிருந்து போனவை என்பது மறுக்க முடியாதபடி நிறுவப்பட்டது. 2014 செப்டம்பரில் அவை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றை விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில், தாராசுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் தண்டனை விதித்தது. இந்த வெற்றிகளைத் தந்தது மனிதக் கண்தான், எண்ணல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கண் சரியான பெட்டியைத் திறக்க ஏற்கெனவே ஒரு ஐயம், ஒரு ஊர்ப்பெயர் கையில் இருந்தாக வேண்டும். அது இல்லாத சிலைகளுக்கு லட்சம் படங்களையும் ஒருவர் உட்கார்ந்து புரட்ட வேண்டும். பக்கத்துச் சுவாமிமலையில் இன்றும் வார்க்கிற முறையில், மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசிச் சுட்டு, உலோகம் ஊற்றிய பின் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரு மேனிதான். வார்ப்பின் குழியும், நூற்றாண்டுகளின் அபிடேகத்தால் தேய்ந்த முகமும் இன்னொரு சிலையில் அப்படியே வராது. பெயரைத் திருடன் மாற்றலாம். மேனியை மாற்றினால் சிலையின் விலை போய்விடும். லட்சத்தை நூறாகச் சுருக்கித் தருவதே எண்ணின் வேலை. அந்த நூறில் ஒன்றைச் சுட்டுவது கண்ணின் வேலை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. கல்லின் இழையமைப்பு கல்லில் மட்டும் இல்லை, வெயிலிலும் இருக்கிறது. காலையில் சாய்ந்து விழும் ஒளியில் தாராசுரத்தின் சுவர் மணி மணியாகச் சொரசொரக்கும். உச்சிவேளையில் அதே சுவர் மழுங்கிவிடும். 1960இல் ஒருவர் காலையிலும் 1990இல் இன்னொருவர் மாலையிலும் எடுத்த படங்களை எண்ணால் ஒப்பிட்டால் ஒரே கல் இரண்டு கல்லாகத் தெரியாதா? தெரியும். இந்தத் துறையினருக்கே இது உறைத்தது. 1999இல் கொலம்பியா, உட்ரெக்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அறுபதுக்கு மேற்பட்ட பொருள்களை, ஒவ்வொன்றையும் ஒளியும் பார்வைக் கோணமும் மாற்றி 205 விதமாகப் படமெடுத்து வெளியிட்டார்கள். ஒரே துணி, ஒரே கல் எத்தனை முகம் காட்டும் என்பது அப்போதுதான் கணக்கோடு தெரிந்தது. 2001இல் ஹெச்பி ஆய்வகத்தின் மால்ஸ்பெண்டர், விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, பின்னர் எந்தத் திசை ஒளியிலும் பரப்பைத் திரும்பக் காட்டும் முறையைத் தந்தார். தேய்ந்த எழுத்துகளைப் படிக்கக் கல்வெட்டுக்காரர்கள் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். பழைய படங்களுக்கு இந்த வசதி கிடையாது என்பது உண்மை. ஆனால் மறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்டால் வரும் முடிவு, தேடலைக் கைவிடுவது அல்ல. இனி எடுக்கிற படங்களில் ஒளியின் திசையையும் அளவுகோலையும் நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும் என்பதுதான். அது பெயர்ப்பட்டியலுக்கும் நல்லது. வேறொரு பயனும் உண்டு. பல ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிச் சுவரைத் துப்புரவு செய்ததில் கல்வெட்டு எழுத்துகளும் சிற்பத்தின் மூக்கும் நகமும் மழுங்கியது தெரிந்த சங்கதி. திருப்பணிக்கு முன்னும் பின்னும் பரப்பு எவ்வளவு மாறியது என்று கேட்டால் பெயர்ப்பட்டியல் பதில் சொல்லாது. முன்பு இருந்த அம்மன் இப்போதும் அம்மன்தான். பரப்பின் எண் மட்டுமே இழப்பை அளக்கும்.

மூன்றாவது மறுப்பில் தாராசுரமே சாட்சி சொல்ல வருகிறது. அங்கே ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பம் உண்டு. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்டு எதிரெதிராக நிற்கும். ஒரு பக்க உடலை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. பார்ப்பவன் முழு உருவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறான் என்ற நம்பிக்கையில் சிற்பி விளையாடிய விளையாட்டு. 2019இல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள், கெய்ரோசும் மற்றவர்களும், இதற்கு நேர் எதிரான ஒரு விளையாட்டைக் கணினியிடம் ஆடிப் பார்த்தார்கள். பூனையின் உருவரையை வைத்துக்கொண்டு அதன் தோலுக்குப் பதிலாக யானைத் தோலின் சுருக்கங்களை நிரப்பிக் காட்டினார்கள். மனிதர்கள் பூனை என்றார்கள். லட்சக்கணக்கான படங்களில் பயின்ற நரம்பு வலையமைப்பு 'இந்திய யானை' என்றது. பழைய பதினான்கு எண்களையும் 48 எண்களையும் காலாவதியாக்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட புதிய முறையும், உள்ளுக்குள் பெரும்பாலும் இழையமைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று அம்பலமாயிற்று. இந்தப் பரிசோதனையைக் காட்டி, பரப்பைப் பார்த்துத் தேடுவது முட்டாள்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது தேடலின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டியதாகவே படுகிறது. யானையா பூனையா, கண்ணப்பரா சண்டேசுவரரா என்பவை பெயர்க் கேள்விகள். அவற்றைப் பரப்பிடம் கேட்டால் பூனை யானையாகத்தான் வரும். அந்த வேலைக்கு அதிட்டானத்தில் எழுத்து வெட்டியவர்களும் கோபிநாத ராவும் லெர்னோவும் இருக்கிறார்கள். இந்தக் கொடிக்கருக்கு எங்கெல்லாம் இதே நெருக்கத்தில் சுழல்கிறது, இந்தத் தூணின் கல் அந்தத் தூணின் கல்லோடு ஒத்துப்போகிறதா, பின்னாளில் சீரமைத்தபோது மாற்றிவைத்த கல் எது என்பவை பரப்பின் கேள்விகள். தஞ்சையில் 1951இல் தொடங்கிய கலைக்கூடத்துக்குத் தாராசுரத்திலிருந்து போன சிற்பங்கள் பல. அவற்றுள் கஜசம்ஹாரர் உலகப் புகழ் பெற்றவர். அவருக்குப் பெயரும் ஊரும் இருப்பதால் கவலையில்லை. பெயரே இல்லாமல் உடைந்து கிடக்கும் கொடிக்கருக்குத் துண்டு எந்தச் சுவரிலிருந்து பெயர்ந்தது என்று யார் சொல்வது? கல்லே கிடைக்காத வண்டல் நாட்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து செதுக்கிய கல் ஒவ்வொன்றும் செலவு. துண்டுகளுக்கும் வீடு தெரிய வேண்டும்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் தாராசுரத்தின் தெருக்களில் தறிச்சத்தம். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பட்டு நெய்யும் ஊர் இது. கும்பகோணத்துக்கு மறுபக்கம் திருபுவனம். அங்கேயும் ஒரு பிற்காலச் சோழர் கோயில், அங்கேயும் பட்டு. நெசவிலும் கதை இதேதான். மயில்கண், ருத்ராட்சம், வைர ஊசி, தாழம்பூ ரேக்கு என்று கரைக்கும் உடலுக்கும் பெயர்கள் உண்டு. ஆனால் ஒரு மயில்கண்ணுக்கும் இன்னொரு மயில்கண்ணுக்கும் உள்ள வேறுபாடு, எத்தனை பாவு இழைக்கு ஒரு கண், கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி, சரிகை எங்கே ஏறுகிறது என்பதில் இருக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது. ஜக்கார்டு அட்டைகளில் துளையாக மட்டும் அது பதிந்திருக்கிறது. பிரான்சின் ழக்கார் 1804இல் தந்த இந்த அட்டைமுறை, படத்தை ஆம், இல்லை என்ற துளைகளாக மாற்றி வைத்த முதல் பெரும் களஞ்சியம். 1839இல் ழக்காரின் உருவப்படத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள், பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு விருந்தாளிகளுக்குக் காட்டினார். தறிமேட்டில் தொங்கும் அட்டைக்கட்டுக்கு எண்ணோ பெயரோ இருக்கும். அதற்குள் இருக்கும் பரப்பைப் பார்க்க நெய்து பார்க்க வேண்டும் அல்லது நெய்த சேலை கையில் இருக்க வேண்டும். சேலையைப் படமெடுத்தால், ஒரே உருப்படி சீரான இடைவெளியில் திசை மாறாமல் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பரப்பு, 1996இன் 48 எண்களுக்கு அளந்து வைத்தாற்போல் பொருந்தும். கோயில் சுவரின் வெயில் தொல்லைகூட இங்கே இல்லை. மேசையில் விரித்து ஒரே விளக்கில் எடுத்துவிடலாம்.

இங்கே எழும் மறுப்பு தொழில்நுட்பத்தைப் பற்றியதல்ல, பிழைப்பைப் பற்றியது. பரப்பைத் தேடித் தரும் களஞ்சியம் கட்டினால் அது விசைத்தறி முதலாளிக்குத்தானே உதவும், எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரு கைத்தறி வடிவத்தைப் பொறுக்கி இரண்டு நாளில் ஆயிரம் சேலை அடித்துவிட மாட்டானா என்று நெசவாளர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் போலி செய்கிறவனுக்குக் களஞ்சியம் தேவையில்லை. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று செல்பேசியில் எடுக்கும் ஒரு படம் போதும். களஞ்சியம் தேவைப்படுவது தம்முடையது என்று நிறுவ வேண்டியவருக்கு. 2019இல் திருபுவனம் பட்டுச்சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காக்கிறது பெயரை. திருபுவனம் என்ற பெயரைப் போடாமல் அதே கரையை நெய்து விற்பவனை அந்தச் சட்டத்தால் தடுக்க முடியாது. வடிவத்தைக் காக்க இருப்பது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்து. தலைமுறைகளாக நெய்துவரும் மயில்கண்ணைப் புதிது என்று நெசவாளர் பதிவு செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் வேறொருவர் அதைத் தம் புது வடிவம் என்று பதிவு செய்தால், முன்பே வெளியான வடிவம் என்று காட்டி அந்தப் பதிவை நீக்கக் கோரலாம். முன்பே வெளியானது என்பதற்குத் தேதியிட்ட படம் வேண்டும். பதிவேடு துணிகளை வகுப்பு எண்ணால் அடுக்குகிறது, அந்த ஒரே எண்ணுக்குக் கீழே எல்லாக் கட்டமும் எல்லாப் புட்டாவும் வந்துவிடும். ஆகவே கூட்டுறவுச் சங்கங்கள் தம் கையில் உள்ள பழைய சேலைகளை, அளவுகோல் பக்கத்தில் வைத்து, தேதியோடு, முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து, பரப்பால் தேடும்படி வைத்தால் போதும். பின்பக்கத்தை விடக் கூடாது. கோர்வை போட்டு உடலும் கரையும் சேர்கிற இடத்தில், இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுத் திரும்புவது அந்தப் பக்கத்தில்தான் தெளிவாகத் தெரியும்.